சுமைக்காரரிடம் பேசக்கூடாது

சுமையோடு சாய்ந்து நிற்கிறவரிடம் பேசக்கூடாது. நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலைக்கு ஏறுகிற படிகளில் சாமான் தூக்கிப் பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். யாரும் எழுதி ஒட்டவில்லை, கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவும் இல்லை. ஆனால் கோயிலுக்குள் செருப்போடு போகக்கூடாது என்பதைவிடக் கண்டிப்பாக இதைக் கடைப்பிடித்தார்கள்.

காரணம் இருக்கிறது. பாதி மலையில் சுமையை இறக்கி வைத்துவிட்டால் தனியாளாக மறுபடி தூக்க முடியாது. அதனால் படியோரத்துக் கட்டுச்சுவரில் சுமையின் அடிப்பக்கத்தை முட்டுக் கொடுத்து, இறக்காமலேயே சாய்ந்து நிற்பார்கள். கண் மூடியிருக்கும், வாய் திறந்திருக்கும். அந்த நேரத்தில் ஒருவன் போய் "என்ன அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், பதில் சொல்லப் போய் மூச்சு கலைந்துவிடும். கலைந்த மூச்சோடு அடுத்த படியில் கால் வைத்தால் முழங்கால் மடங்கும். ஆகவே தெரிந்தவன், தெரியாதவன், சொந்தக்காரன் யாராயிருந்தாலும் வாயை மூடிக்கொண்டு தாண்டிப் போவான்.

நடக்கும்போதும் அவர்கள் பேசுவது ஒரே ஒரு சொல்தான். "சைடு." வழி விடச் சொல்லும் சொல். சிங்களவர், தமிழர், வெள்ளைக்காரர் எல்லோருக்கும் அது புரியும். "சைடு, சைடு" என்று கேட்டால் கூட்டம் ஒதுங்கும், சுமை மேலே போகும். மலை முழுக்க அவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு அதுவே அதிகம். எனக்குப் பேசாமல் இருக்க வராது, அவருக்குப் பேச வராது. எங்களுக்குப் பொருத்தம் பார்த்த சோசியர் இன்னும் உயிரோடு இருந்தால் தேடிப்போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். கல்யாணமான புதிதில் நான் ஒரு நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, "ஏங்க, நீங்க ஒரு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்துரும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதான் எனக்கும் சேத்து நீ பேசுறியே புள்ள" என்றார். அதற்குப் பிறகு அதே பதிலை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கும் கீழே வெட்டித் தட்டையாக்குகிற வேலை. நான் கொழுந்து பறித்தேன். முன்பெல்லாம் வாரம் முழுக்க வேலை இருக்கும். இப்போது பாதி மலைகளில் மானாப் புல் ஏறி, தேயிலை மரமாக வளர்ந்து நிற்கிறது. வெட்ட ஆள் விட மாட்டார்கள், பறிக்கவும் ஆள் விட மாட்டார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் போய் நின்றால், "இன்னைக்கு வேலை இல்ல, நாளைக்கு வாங்க" என்று கணக்கப்பிள்ளை சொல்வார். நாளைக்கும் அதையே சொல்வார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரிடம் சொல்வதும் அதுதான்.

அதனால் மார்கழிப் பௌர்ணமிக்கு மலைக் காலம் தொடங்கினால் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பாதிப் பேர் படிகளுக்குப் போய்விடுவார்கள். யாத்திரைக்கு அல்ல. கீழ்நாட்டிலிருந்து முதலாளிமார் வந்து படியோரம் தகரமும் தறப்பாளும் போட்டுக் கடை வைப்பார்கள். தொதல், மஸ்கட் என்று இனிப்பு, கம்பளித் தொப்பி, விளையாட்டுச் சாமான், தேத்தண்ணி. கடை அவர்களுடையது, மலை சாமியுடையது, சுமை மட்டும் எங்களுடையது. நான் பாதி வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் பகல் ஆளாக ரொட்டி சுட்டுக் கோப்பை கழுவினேன். என் வீட்டுக்காரர் கீழே பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலிருந்த முதலாளியின் சாமான் அறையிலிருந்து மாவும் சீனியும் கொண்டுவந்து அந்தக் கடையில் சேர்த்தார். இரவெல்லாம் கூட்டம் ஏறிக் கடையைக் காலி செய்துவிட்டுப் போகும். விடிந்ததும் மறுபடி எல்லாம் வேண்டும்.

மற்ற ஆண்கள் தோளிலும் தலையிலும் தூக்குவார்கள். இவர் மட்டும் என் கொழுந்துக் கூடையின் கயிற்றை அவிழ்த்தெடுத்து, நாங்கள் கூடை மாட்டுகிற மாதிரியே தலையில் மாட்டிக்கொண்டு முதுகில் சுமந்தார். கயிறு அறுக்காமலிருக்கத் தலையில் சாக்கை மடித்து முக்காடாகப் போட்டுக்கொள்வார். "என்னா மச்சான், கொழுந்தெடுக்கக் கெளம்பிட்டியா? பொடவை எங்க?" என்று பக்கத்துக் காம்பராக்காரர் கேலி செய்வார். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர் அவர். கவ்வாத்திலும் மலையிலும் இவருக்குக் கூட்டாளி, என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். கேலி செய்தவர்கள் எல்லோரும் கை வலிக்கத் தூக்கிக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஏறினார். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. சாமான் அறைத் திண்டில் சுமையை வைத்து, குந்தி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டால் தூக்கிவிட இன்னொரு ஆள் தேவையில்லை. அந்த வசதியைப் பற்றிப் பிறகு நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

பேசக்கூடாது என்கிற விதியில் எல்லோரையும்விடப் பிடிவாதம் அவருக்குத்தான். ஒரு தடவை அவர் சாய்ந்து நின்றபோது புதிதாக வந்த ஒருவன் மணி என்னவென்று கேட்டுவிட்டான். கடைக்கு வந்து சுமையை இறக்கிய பிறகு அவனைக் கூப்பிட்டு, "இனி அப்புடிக் கேக்காத தம்பி, ஆளு விழுந்துரும்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக வந்ததைக் கேட்டு நான் சட்டியில் ரொட்டியைக் கருக விட்டேன்.

இவ்வளவு வயதில் அவர் ஏன் தூக்கினார் என்றால், கூரைக்காக. லயத்துக்குக் கீழே எங்களுக்கு ஒரு வீடு கட்டித் தருவதாகச் சொல்லி அத்திவாரம் போட்டார்கள், சுவரும் எழுப்பினார்கள். பிறகு கட்டுகிறவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. கதவு நிலைக்குள் பன்றிகள் புகுந்து விளையாடின. வருகிற மழைக்காலத்துக்குள் நாமே தகரம் போட்டுக்கொண்டால் குடிபோய்விடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். லயத்துக் காம்பராவில் மழை பெய்தால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கொழும்பில் ஒரு கடையில் நிற்கிற எங்கள் மகன் வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் அவனுக்குக் கால் நீட்டக்கூட இடமில்லை. ஆகவே கூரை.

அந்தத் தை மாதத்திலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு காலையில் தேத்தண்ணிக் கோப்பை அவர் கையிலிருந்து நழுவியது. இன்னொரு நாள் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றார். "நரம்பு" என்றார். "நரம்புன்னா டாக்டர்ட்ட காட்டணும்ல?" என்றேன். "மலை முடியட்டும்" என்றார். "மலை முடியும்போது ஆளும் முடிஞ்சிருவீங்க" என்று கத்தினேன். வாயில் வந்ததைச் சொல்கிறவள் நான். அவர் சாக்கை எடுத்து உதறிக்கொண்டு போய்விட்டார். தகரத்துக்கு இன்னும் கொஞ்சந்தான் பாக்கி, பங்குனியோடு நிறுத்திவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டது மாசிக் கடைசியில்தான். பங்குனி முழுக்க நான் அவரைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது பங்குனியில் ஒரு விடுமுறை நாள். முதல் நாள் இரவு எள் போட்டால் எள் விழாத கூட்டம். விடியும்போது கடையில் ஒரு கை மாவு இல்லை. நான் முதலில் புறப்பட்டு லயத்துப் படி இறங்கிவிட்டேன். அவர் வாசலில் நின்று, "இந்தா, சுடுதண்ணி போத்தலை வச்சிட்டுப் போற" என்றார். நான் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு, "பாத்து வாங்க" என்றேன். அவர் தலையாட்டினார். பேசும்போது வாய் நேராக இருந்தது, சொல் தெளிவாக இருந்தது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் சொன்னேன், மகனிடம் சொன்னேன், இப்போது எழுதவும் செய்கிறேன்.

பிறகு நடந்ததில் நான் கண்ணால் கண்டது கொஞ்சம், மற்றவர்கள் சொன்னது மீதி.

வெயில் ஏறிய பிறகு பக்கத்துக் காம்பராக்காரர் ஒரு சீனி மூட்டையோடு கடைக்கு வந்து சேர்ந்தார். அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து, "அவரு எங்கண்ணே?" என்று கேட்டேன். "கீழ வளைவுல சாஞ்சு நிக்கிறாரு தங்கச்சி. வந்துருவாரு" என்றார். எங்கள் கடையிலிருந்து அந்த வளைவு தெரியாது. நடுவில் பாறை மறைக்கும். என் வீட்டுக்காரர் எப்போதும் அங்கேதான் சாய்வார், அங்கே சுவர் இடுப்பளவுக்குச் சரியாக இருக்கும். வந்ததும் குடிக்கட்டும் என்று நான் தேத்தண்ணி ஊற்றி மூடி வைத்தேன். அது ஆறிப்போனது. அதை நான் குடித்துவிட்டு வேறு ஊற்றினேன்.

பக்கத்துக் காம்பராக்காரர் தன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த சுமைக்கு இறங்கினார். வளைவில் என் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். முக்காடு முகத்தை மறைத்திருந்தது. இறங்கியவர் சுமையில்லாமல் வெறுங்கையோடு போகிறவர், நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் விதி இருக்கிறதே. செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் ஓரமாக இறங்கிப் போனேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வழியாக எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் "கருணாவயி" என்று சொல்லிக்கொள்வது அந்த மலையின் வழக்கம். கருணை உண்டாகட்டும் என்று அர்த்தம். அன்றைக்கும் அவரைத் தாண்டிப் போனவர்கள் சொல்லித்தான் இருப்பார்கள். அவர் காதிலும் அது விழுந்திருக்கும். யாத்திரைக்காரர்களும் எங்களிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தார்கள். பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள், "சுமைக்காரரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று. எவ்வளவு மரியாதை பாருங்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அவரிடம் பேசியது விதி தெரியாத ஒருத்திதான். கொழும்புப் பக்கத்திலிருந்து முதல் முறையாக வந்த ஒரு சிங்களப் பெண்பிள்ளை. கையில் குச்சி, குச்சி நுனியில் போன். இந்தப் போன்காரர்களை எங்களுக்கு ஆகவே ஆகாது. நாங்கள் செத்துச் செத்து ஏறுவதை நின்று படம் எடுப்பார்கள், பிறகு கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தப் பெண்ணும் அப்படித்தான் அவர் பக்கத்தில் போய் நின்று, "மாமே, போட்டோ எகக் கமுத?" என்று கேட்டிருக்கிறாள். மாமா, ஒரு போட்டோ எடுக்கலாமா என்று. பதில் இல்லை. மறுபடியும் கேட்டிருக்கிறாள். வெட்கமில்லாமல் முக்காட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். கண் திறந்திருந்தது, அவளைப் பார்த்தது. வாய் வலது பக்கம் தொங்கி, எச்சில் வழிந்து சட்டை நனைந்திருந்தது. சுவரும் கயிறும் சுமையும் சேர்ந்து அவரை விழாமல் பிடித்து வைத்திருந்தன.

அவள் போட்ட கூச்சல் எங்கள் கடைவரை கேட்டது. நான் ஓடினேன். கீழேயிருந்து பக்கத்துக் காம்பராக்காரரும் ஓடி வந்தார். கயிறு நெற்றியில் பதிந்து கழற்ற வரவில்லை. கடையிலிருந்து வெங்காயம் வெட்டுகிற கத்தியைக் கொண்டுவந்து அறுத்தார்கள். சீனி மூட்டை விழுந்து கிழிந்து படியெல்லாம் கொட்டியது. "ஏங்க, ஏங்க" என்று அவர் முகத்தைப் பிடித்து உலுக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். என்னை அவருக்குத் தெரிந்தது. ஆனால் ஒன்றும் வரவில்லை.

கடை பெஞ்சில் படுக்கவைத்துக் கட்டி, சுமைக்காரர்கள் தூக்கினார்கள். எதிரே ஏறுகிற கூட்டம். "சைடு, சைடு" என்று அவர்கள் கத்திக்கொண்டு இறங்க, அந்தப் பெண்பிள்ளை எல்லோருக்கும் முன்னால் ஓடிச் சிங்களத்தில் கத்தி வழி பண்ணிக்கொண்டே போனாள். செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. அடிவாரத்தில் கடை முதலாளி வேன் பிடித்து வைத்திருந்தார். அந்த மனிதரிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சீனியைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே தலையைப் படம் எடுத்தார்கள். ஓர் இளம் டாக்டர் வந்தார். தமிழ் நன்றாகப் பேசினார்.

"அம்மா, மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. அதைக் கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. ஆனா தொடங்கி கொஞ்ச நேரத்துக்குள்ள போடணும். நேரம் தாண்டிப் போட்டா மூளைல ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து. இது எப்ப தொடங்கிச்சு?"

நான் கூடவே வந்திருந்த பக்கத்துக் காம்பராக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நான் ஏறும்போது சாஞ்சு நின்னாருங்க" என்றார் அவர்.

"அப்ப நல்லா இருந்தாரா?"

"நின்னாருங்க."

"பேசினாரா? முகம் எப்படி இருந்திச்சு?"

"மொகத்தைச் சாக்கு மறைச்சிருந்திச்சுங்க. பேசலைங்க. நாங்க பேச மாட்டோம்."

டாக்டருக்கு அது விளங்கவில்லை. "சண்டையா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. சுமையோட நிக்கிறவுங்ககிட்ட பேசக்கூடாதுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "கடைசியா எப்ப பேசினாரு? உங்களுக்கு நிச்சயமா தெரிஞ்சது?" என்றார்.

விடியற்காலை, வீட்டு வாசலில், சுடுதண்ணிப் போத்தலை மறந்துவிட்டாய் என்று சொன்னார். அதைச் சொன்னேன். சாமான் அறையில் யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். யாரும் இல்லை, அவர் தானே தூக்கிக்கொள்வார். வழியில்? மலை நிறைய ஆள் இருந்தார்கள், அவரோடு பேசினவர் ஒருவரும் இல்லை. டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒருவேளை எங்களுக்கு நேரம் இருந்திருக்கலாம், ஒருவேளை இல்லாமலும் இருந்திருக்கலாம், அது தெரியாமல் ஊசி போட முடியாது, விடியற்காலையிலிருந்துதான் கணக்கு வைக்க வேண்டும், அப்படிப் பார்த்தால் நேரம் தாண்டிவிட்டது என்றார். அவர் சொன்னது நியாயம். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு வராந்தாவில் போய் உட்கார்ந்து என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அன்று காலை அவரைப் படம் எடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். காலியிலோ குருநாகலிலோ வெளிநாட்டிலோ யாரோ ஒருவருடைய போனில், முக்காடு கொஞ்சம் விலகி, வாய் நேராக, அவர் சாய்ந்து நிற்கிற படம் இருக்கும். போனில் நேரமும் இருக்கும் என்று மகன் சொல்கிறான். டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே கிடக்கிறது. அவர்கள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளியிருப்பார்கள்.

உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு காலையில் வார்டில் தாதி வந்து, "ஐயாட பேர் என்ன?" என்று குனிந்து கேட்டாள். அவர் உதடு கோணிக்கொண்டு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு தெளிவாக, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னார்.

"சைடு."

தாதி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. தண்ணீர் வேண்டுமா என்றால் சைடு. வலிக்கிறதா என்றால் சைடு. மகன் கொழும்பிலிருந்து வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அவனுக்கும் சைடு. சில பேருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்றும், அதைச் சொல்ல அவர்கள் முயற்சி செய்வதில்லை, அதுவாக வருகிறது என்றும் டாக்டர் சொன்னார். "பேசிக்கிட்டே இருங்கம்மா அவரோட. அதுதான் மருந்து" என்றார். நல்ல ஆளைப் பார்த்துத்தான் சொன்னார்.

வைகாசியில் மழை பிடித்தது. தகரத்துக்குச் சேர்த்தது எல்லாம் வேனுக்கும் மாத்திரைக்கும் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கும் கரைந்து போனது. கூரையில்லாத அந்த வீட்டுக்குள் மழை பெய்து, தரையில் தவளை கத்தியது. லயத்துக் காம்பரா வாசலில் அவரைச் சாக்கில் சாய்த்து உட்காரவைப்பேன். பெரட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சாய்ந்திருக்கிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாதாம். பழக்கம் எப்படி ஊறியிருக்கிறது பாருங்கள். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து, "இந்த மனுசன் என்ன சீனி மூட்டையா தூக்கிக்கிட்டு நிக்கிறாரு? வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போகும்?" என்று லயமே அதிரக் கத்தினேன். அன்று மாலை இரண்டு பேர் வந்து நலம் விசாரித்தார்கள். மறுநாள் ஒருவரும் வரவில்லை.

பக்கத்துக் காம்பராக்காரர் மட்டும் நெடுநாள் எங்கள் வாசல் பக்கமே வராமல் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவது கேட்கும், ஆள் வெளியே வர மாட்டார். ஆடி மாதத்தில் ஒரு நாள் வந்து என் வீட்டுக்காரருக்கு எதிரே குந்தினார். "ரெண்டு வாட்டி தாண்டிப் போனேன் மச்சான்" என்றார். "நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த, பேசாதன்னு." என் வீட்டுக்காரர் இடது கையை நீட்டி அவர் தோளைத் தட்டி, "சைடு" என்றார். அந்த மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமில்லை என்று சொன்னால் அது பொய். இருந்தது. அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது.

மறுபடி மார்கழி வந்தது. மறுபடி அதே கடை. என் வீட்டுக்காரரைப் பக்கத்துக் காம்பராக்காரரின் சம்சாரம் பார்த்துக்கொள்கிறாள். கடையில் கை ஓய்ந்தபோதெல்லாம் பாறையைச் சுற்றி அந்த வளைவுவரை இறங்கிப் பார்க்கிறேன். யாராவது சாய்ந்து நின்றால், "யாரு? பேசு! பேசு!" என்று கத்துகிறேன். சுமைக்காரர்களுக்கு என்மேல் எரிச்சல். ஒருவன் சுமையை இறக்கிய பிறகு வந்து, "அக்கா, ஒங்க வேதனை தெரியுது. ஆனா எங்களைக் கொன்னுறாதீங்க" என்று கெஞ்சினான். அவன் சொல்வதும் உண்மைதான். மூச்சு கலைந்தால் விழத்தான் செய்வார்கள். என்ன செய்ய, எனக்குக் கத்தாமல் இருக்க முடியவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் மட்டும் நான் கத்தினால் கண்ணைத் திறக்காமலேயே "சைடு" என்று ஒரு சொல் விடுவார். அது ஒரு மூச்சுக்குள் அடங்குகிற சொல். அது கேட்டால் நான் கடைக்குத் திரும்பிவிடுவேன்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் என் வீட்டுக்காரரை வாசலில் சாய்த்து உட்காரவைத்து, எதிரே குந்துகிறேன். வாயைத் துடைத்துவிடுகிறேன். "சுடுதண்ணி போத்தல் எடுத்தாச்சு. போயிட்டு வரட்டுமா?" என்று கேட்கிறேன். சில நாள் உடனே வரும். சில நாள் உதடு துடித்துத் துடித்து நிற்கும். பஸ் போனாலும் சரி, முதலாளி ஏசினாலும் சரி, அது வரும்வரை நான் எழுந்திருப்பதில்லை.

"சைடு" என்கிறார்.

திரும்பிச் சுவரிலிருக்கிற மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்கிறேன். கடைசியாக எப்போது பேசினார் என்று இன்னொரு தடவை யாராவது என்னைக் கேட்டால், சொல்வதற்கு எனக்கு ஒரு நேரம் வேண்டும்.